இடப்பக்கப் பை

திங்கள்சந்தை பஸ் நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடை மாடியில் என் அறை.
ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை,
மூடினால் இஸ்திரி ஆவி.
நான்கு மீட்டர் துணியை விரிக்கலாம்,
நான் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டால்.

வாடகை கட்டுவது வெள்ளை நிறம்.
மே மாதத்தில் மட்டும் பதினொரு கல்யாண கவுன்.
மணப்பெண்கள் போனில் படம் காட்டுவார்கள்.
படத்தில் பனி பெய்துகொண்டிருக்கும்.
இந்த வெயிலுக்கு நெட் துணி குத்தும் என்பேன்.
குத்தட்டும் அக்கா என்பார்கள்.
அப்படியே தைப்பேன்,
கழுத்தோரத்தில் மட்டும்
அவர்களுக்குச் சொல்லாமல் மல் துணி வைத்து.

எனக்கென்று ஒரு நோட்டு உண்டு.
முதல் பக்கம், கல்லூரியில் எழுதியது:
அலை, பாறை, சூரியோதயம்.
லாட்ஜ் காலண்டர் மாதிரி இருக்கிறதென்று
பிறகு அடித்துவிட்டேன்.
இரண்டில் மணவாளக்குறிச்சி மணல் ஒரு சிட்டிகை,
கறுப்பா சிவப்பா என்று சாயக்காரர்
மூன்று தடவை முக்கியெடுத்தும் பிடிபடாத நிறம்.
மூன்றில் குலசேகரத்து ஒட்டுப்பால்.
அது நான்காம் பக்கத்தையும் சேர்த்து ஒட்டிக்கொண்டது.
அங்கே என்ன வரைந்தேன் என்று
இன்றுவரை தெரியாது.

ஐந்தாம் பக்கம் சகாய ஜெனிஷா.
பத்தாம் வகுப்பில் எனக்குப் பின்பெஞ்சு.
இப்போது விடியுமுன் குளச்சலில் ஏலம் எடுத்து
ஸ்கூட்டிக்குப் பின்னால் ஐஸ் பெட்டி கட்டி
பத்து மணிக்குள் வில்லுக்குறிவரை விற்றுவிடுவாள்.
போட்டிருப்பது அண்ணனின் மழைக்கோட்டு.
ஜிப் போன இடத்தில் நான்கு ஊக்கு.

"எளா, எனக்கொரு கோட்டு தச்சு தா.
ஃபேஷன் ஒண்ணும் வேண்டாம், கேட்டியா.
மீன் வெள்ளம் உள்ள எறங்கப்பிடாது."

முதலில் கேன்வாஸ்.
தண்ணீரைக் குடித்துக் குடித்து
மதியம் அவளைவிடக் கனத்தது.
அடுத்தது ரெக்சின்.
"உள்ள கெடந்து அவிஞ்சு போனேன்" என்று
கழற்றி மேசையில் எறிந்தாள்.
அறை முழுக்கச் சாளை வாடை.
கவுனை எல்லாம் பாலித்தீனில் சுற்றிவைத்தேன்.
மூன்றாவது குடைத்துணி.
ஆடிக் காற்றில் பலூனாகி
இரணியல் வளைவில் வண்டியோடு தூக்கப் பார்த்ததாம்.

அன்றிரவு அதை நாற்காலிக்கு மாட்டிவிட்டு
மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.
உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.
இரண்டு மணிக்கு
முதுகின் குறுக்கே கத்தரி வைத்தேன்.
காற்று போக ஒரு வாய்,
மழை வராதபடி மேலே ஒரு மடிப்பு.

பை வைத்தது வலப்பக்கம்.
எல்லோருக்கும் அங்கேதானே வைப்போம்.
போட்டுப் பார்த்தவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை.
"வலது கையில மீனு இருக்கும்லா.
சில்லறைய எவ எடுத்துத் தருவா? நீயா?"

நான் அவளை அளந்தது அவள் நின்றபோது.
அவள் நிற்பதே இல்லை.

ஸ்டூலில் உட்காரச் சொன்னேன்.
ஸ்கேலை எடுத்து இல்லாத மீனை நறுக்கினாள்,
இல்லாத வாடிக்கையாளரிடம் வள்ளென்று விழுந்தாள்,
திரும்பினாள், குனிந்தாள், ஸ்டாண்டை எடுத்தாள்.
சாக்பீஸோடு சுற்றிச் சுற்றி ஓடினேன்.
இடது கை தானாகப் போய் நின்ற இடத்தில்
ஒரு பெருக்கல் குறி.

எட்டு நாள் சத்தமே இல்லை.
ஒன்பதாம் நாள் குரல் செய்தி, பின்னால் ஹாரன்:
"இன்னும் மூணு பேரு கேக்காளுவ.
ஒண்ணுக்கு மட்டும் பை வேண்டாம்.
அது மாமியாருக்கு."

அந்த ஒன்றுக்கு வெளியே பை வைக்கவில்லை.
லைனிங்குக்கும் துணிக்கும் இடையில்
ஐந்து விரல் நுழைகிற அளவு
தையலைச் சும்மா விட்டுவைத்தேன்.
போடுகிறவளுக்குத் தெரிந்தால் போதும்.

இப்போது இரவு பதினொன்றரை.
காலையில் ஒரு கவுன் போகவேண்டும்.
கை வைக்கும்போதுதான் பார்த்தேன்,
விரல் நுனியில் ஒரு மீன் செதில்.
உதறியது மடியில் விழுந்தது.
சீக்வின் இருநூற்றுக்கு மேல் இருக்கும்.
எது தைத்தது, எது நீந்தியது என்று
விளக்கைச் சாய்த்துச் சாய்த்துத்
தேடிக்கொண்டிருக்கிறேன்.